எத்தனையாம் மெட்டு

இருபதாம் தெருவில் ஓரெஸ்டின் கடை.
சாஸ்கட்டூனில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
பெட்டிகளை உடனே திறக்காதே என்றார்,
மரம் முதலில் அறையை நம்ப வேண்டுமாம்.
நாற்பது நிமிடம்
நானும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆறு தந்தி என்னுடையது.
பன்னிரண்டு தந்தி
பனி தள்ளும் இயந்திரத்துக்கு மாற்றாக
பக்கத்து வீட்டு வெண்டல் தந்தது.
அந்த வருஷம் முழுக்க எங்கள் வாசலை
மண்வெட்டியால்தான் வாரினேன்.

இரண்டுக்கும் ஒரே கேப்போ வேண்டும் என்றேன்.
அண்ணன் தம்பி இருவருக்கும்
ஒரே செருப்பா என்பதுபோல் பார்த்தார்.
ஆனாலும் கண்ணாடிமேல் ஏழெட்டைப் பரப்பினார்.

முதலாவது, வில் வைத்தது.
நண்டுபோல் ஒரு கையால் கவ்வலாம்.
ஆறில் ஒழுங்காகத்தான் கவ்வியது.
பன்னிரண்டில்,
ஜோடி ஜோடியாய் நிற்கும் தந்திகளில்
தடியன் ரப்பரைத் தாங்கிக்கொள்ள
அவன் தோளடியில் ஒளிந்த ஒல்லி
அழுத்தம் படாமல் ஈயைப்போல் ரீங்கரித்தது.
இன்னும் வலுவான வில்லைப் போட்டோம்.
ஒல்லி அடங்கியது, தடியன் சுருதி ஏறினான்.

அடுத்தது வளைந்த பட்டை,
ஆறின் கழுத்துக்கு அளவெடுத்த வளைவு.
பன்னிரண்டின் கழுத்தோ தோசைக்கல்.
ஓரங்கள் பணிந்தன,
நடு ஜோடிகள் முணுமுணுத்தன.

மூன்றாவது குட்டை.
நான்காவதின் விலையைப் பார்த்துவிட்டு
தொடவே இல்லை.

ஐந்தாவது, திருகு.
நேரான, கொஞ்சம் மெத்தென்ற பட்டை,
கழுத்தின் பின்னால் ஒரு பித்தளைக் குமிழ்.
மாட்ட நேரமெடுக்கும், மேடைக்குச் சரிவராது என்றார்.
சத்தம் எவ்வளவு வரும் என்று கேட்டேன்.
இருபது வருஷத்தில் யாரும் கேட்டதில்லையாம்.

ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை.

அக்டோபரில் பிலோமினாவின் தைராய்டை எடுத்தார்கள்.
தழும்பு சங்கிலிக்குள் ஒதுங்கிவிட்டது.
குரல் கீழே இறங்கிவிட்டது.
"தொண்டை கட்டியிருக்கு" என்கிறாள்,
மூன்று மாதமாக.
நான் மட்டும் கணக்குப் பார்த்தேன்:
ஐந்து கட்டை, இப்போது மூன்று.
கிட்டாரின் கழுத்தில் அது மூன்று மெட்டு.

வெள்ளிக்கிழமைகளில் மாதா கோவிலின் கீழ்த்தளத்தில்
அவள் பாட, நான் வாசிப்பேன்.
இரண்டு பாட்டுக்கு நடுவில்
வில்லைக் கழற்றினால் 'டக்' என்னும்.
திரும்புவாள்.
எங்கே இறக்கினேன் என்று பார்ப்பாள்.
திருகுக்கு அரைச் சுற்றுப் போதும்,
தூங்கும் வீட்டில் தண்ணீர்க் குழாயை மூடுவதுபோல்.

முப்பத்தெட்டு டாலர், வரி தனி.

அந்த வெள்ளி எட்டுப் பேர், ஒரு கைக்குழந்தை,
தட்டில் ஆறிக்கொண்டிருக்கும் கட்லட்.
யாரோ இருமினார்கள்.
அந்த இருமலுக்குள்
ஐந்தாம் மெட்டிலிருந்து இரண்டுக்கு நழுவினேன்,
கம்பியை ஒட்டி நிறுத்தி, திருகி,
ஒருமுறை மெதுவாக வருடினேன்.
பன்னிரண்டில் ஒன்றுகூட ரீங்கரிக்கவில்லை.
ஓரெஸ்ட் வாழ்க.

பிலோமினா திரும்பவில்லை.
சனத்தைப் பார்த்தபடியே,
எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:
"மூண்டு மெட்டு இறக்கினது காணாது.
அதைக் கழட்டிப் போட்டு வாசி."

கழற்றினேன்.
வெறும் கழுத்து.
தந்திகள் முழு நீளத்துக்கும் அதிர்ந்தன.
அந்த ஆழத்திலிருந்து
நான் இதுவரை சந்திக்காத ஒருத்தி தொடங்கினாள்,
முதல் வரியில் சறுக்கினாள்,
இரண்டாம் வரியில் கால் ஊன்றினாள்.
குழந்தை அழுதது. அவள் நிறுத்தவில்லை.

முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்,
ரசீது இருக்கிறது.
அதன் பின்பக்கத்தில்
வருகிற வாரத்துப் பாட்டுகளை எழுதியிருக்கிறாள்,
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மெட்டின் எண்:
பூச்சியம், பூச்சியம், ஒன்று, பூச்சியம்,
கடைசிப் பாட்டுக்கு மட்டும்
ஐந்து என்று எழுதி
ஒரு கேள்விக்குறி.